யார் கண்ணைப் பார்த்து ரோட்டைக் கடப்பது?

ஓட்டுநர் இல்லாத டாக்ஸியில் நானும் அம்மாவும் முதன்முதலாகப் போனபோது அம்மாவின் பயம் பத்து நிமிஷம்தான் தாங்கியது. கார் வந்து நின்றதும் ஆப்பில் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தோம், பெல்ட் போடச் சொல்லி ஒரு குரல் வந்தது, அப்புறம் முன்னால் யாருமே இல்லாமல் ஸ்டியரிங் மட்டும் மெதுவாக இடது பக்கம் சுற்றி, ஒரு கணம் நின்று, மறுபடி நேராக வந்தது. அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது சிக்னல் தாண்டியதும் கையை விட்டுவிட்டு, "பரவாயில்லடா, அவசரப்படாமப் போகுது" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர் ரோட்டைக் கடக்க நின்றிருந்தார். கார் முறையாக நின்றது. ஆனால் அவர் நகரவில்லை. ஓட்டுநர் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு ஒரு காலை முன்னால் வைப்பதும் பின்னால் எடுப்பதுமாக இருந்தார். நான் பின் சீட்டிலிருந்து எட்டி, 'போங்க' என்று கையைக் காட்டினேன். உடனே கடந்துவிட்டார். காரை நிறுத்தியதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, அது கிளம்பியிருந்தால் தடுக்கவும் எனக்கு வழியில்லை. ஆனாலும் அவர் நம்பியது என் கையைத்தான்.

இந்த வண்டிகளை மக்கள் நம்புகிறார்களா இல்லையா என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர்தான் ஞாபகம் வருகிறார். உள்ளே ஏறுகிறவர் தானாக விரும்பி ஏறுகிறார், சீக்கிரம் பழகியும் விடுகிறார். வெளியே நிற்கிறவரை யாரும் கேட்கவில்லை.

வளர்ச்சியைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. 2004-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா மொஹாவி பாலைவனத்தில் தானியங்கி வண்டிகளுக்குப் பந்தயம் வைத்தபோது ஒன்றுகூட முடிக்கவில்லை, அதிக தூரம் போன வண்டியே ஏழு மைல் சொச்சத்தில் சிக்கிக்கொண்டது. 2009-ல் கூகுள் தொடங்கிய தானியங்கிக் கார் திட்டம் 2016-ல் வேமோ என்ற நிறுவனம் ஆனது, 2020 அக்டோபரில் அமெரிக்காவின் பீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநரே இல்லாத சவாரியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது, 2025 ஏப்ரலில் வாரத்துக்கு இரண்டரை லட்சம் சவாரிகளைத் தாண்டியது. சீனாவில் பைடு நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்ஸியான அப்பல்லோ கோ வூஹான் நகரத்தில் பெரிய அளவில் ஓடுகிறது.

பாதுகாப்புக் கணக்கும் மோசமில்லை. வேமோவும் காப்பீட்டு நிறுவனமான ஸ்விஸ் ரீயும் சேர்ந்து 2.53 கோடி மைல் ஓட்டத்தை ஆராய்ந்ததில், மனிதர் ஓட்டும் வண்டிகளைவிடக் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 92 சதவீதம் குறைவு என்று வந்தது. நிறுவனமே கூட இருந்து செய்த ஆய்வுதான், இருந்தாலும் வித்தியாசம் சின்னது இல்லை. உயிரிழப்பு விஷயத்தில் மட்டும் நான் அவசரப்பட மாட்டேன். அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டுகிற வண்டிகளிலேயே சுமார் 10 கோடி மைலுக்கு ஒரு சாவு என்பதுதான் கணக்கு, வேமோ ஓட்டுநர் இல்லாமல் அந்த 10 கோடியைத் தொட்டதே 2025-ன் நடுவில்தான். இவ்வளவு குறைந்த தூரத்தை வைத்து உயிர்களைப் பற்றி அடித்துப் பேசக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும், 2025-ல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ எடுத்த கருத்துக்கணிப்பில் இதில் ஏற நம்பிக்கை இருப்பதாகச் சொன்னவர்கள் 13 சதவீதம், பயம் என்றவர்கள் 61 சதவீதம். ஜனங்களுக்கு விவரம் போதவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஓட்டுநரில்லா டாக்ஸி நிறுவனமான க்ரூஸுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் நாள் முழுக்கக் கட்டணச் சவாரி நடத்த வேமோவோடு சேர்த்து அதற்கும் அனுமதி கிடைத்தது. அக்டோபர் 2-ஆம் தேதி இரவு, மனிதர் ஓட்டிய இன்னொரு கார் மோதித் தூக்கியெறிந்த ஒரு பெண் க்ரூஸ் காரின் முன்னால் வந்து விழுந்தார். கார் அவர்மீது மோதி நின்றது. அதுவரை நடந்ததை விபத்து என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நின்ற கார், ஓரம் கட்டுவதற்காக மறுபடி நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு போனது. அடியில் ஒரு மனுஷி இருப்பது அதற்குத் தெரியவில்லை. இதைவிட என்னைக் கோபப்படுத்துவது அதற்கப்புறம் நடந்ததுதான்: இழுத்துப் போன விவரத்தை நிறுவனம் அதிகாரிகளிடம் நேராகச் சொல்லவில்லை. மாநில அரசு அனுமதியை நிறுத்தியது, பொய்யான அறிக்கை கொடுத்ததற்காக 2024-ல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள், அதே ஆண்டு டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸி முயற்சியையே கைவிட்டது. இப்படி ஒன்று நடந்த பிறகு ரோட்டில் போகிறவர் தயங்கினால் அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

அந்த 2023 கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் சிலர் இந்தக் கார்களின் பானட்டில் ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்பை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கூம்புதான், கார் அப்படியே உறைந்து நின்றுவிடும். பலர் அதைக் குறும்பு என்று சிரித்தார்கள். தீயணைப்பு வண்டிகளை மறித்து நிற்கிற கார்களைப் பற்றி நகரத்தின் தீயணைப்புத் துறை புகார் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. தங்கள் தெருவில் நடக்கும் சோதனைக்குத் தங்களை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அந்தக் கூம்பு.

2025 டிசம்பரில் அதே நகரத்தில் பெரிய மின்வெட்டு வந்து சிக்னல்கள் அணைந்தபோது வேமோ கார்கள் சந்திப்புகளில் நின்றுபோயின. எரியாத சிக்னலில் நான்கு பக்கமும் நின்று பார்த்துப் போக வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியும். ஆனால் குழப்பம் வந்தால் தொலைவில் உட்கார்ந்திருக்கும் உதவியாளரிடம் கேட்கும், அன்றைக்கு ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கார்கள் கேட்க, பதில் வரத் தாமதமானது. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில், குழந்தைகளை இறக்க நின்றிருந்த பள்ளிப் பேருந்துகளை வேமோ கார்கள் தாண்டிப் போனதற்காக 2025 கடைசியில் மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தினார்கள், ஒரு கார் கற்றுக்கொண்டது எல்லாக் கார்களுக்கும் போய்ச் சேரும், அது மனித ஓட்டுநர்களிடம் நடக்காத காரியம். ஆனால் பேருந்திலிருந்து இறங்குகிற குழந்தையின் அம்மாவிடம் இந்தச் சமாதானத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஒவ்வொரு விபத்தையும் ஒவ்வொரு தடுமாற்றத்தையும் இந்த நிறுவனங்கள் கேமரா பதிவோடு, யாரும் கேட்பதற்கு முன்பே பொதுவில் வைக்கட்டும். எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்பதில் அந்தத் தெருக்காரர்களுக்கும் ஒரு குரல் இருக்கட்டும். நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

அன்றைக்கு இறங்கியதும் நாங்கள் எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தது. அதே மாதிரி இன்னொரு கார் வந்து எங்களுக்காக நின்றது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வரை அதே வகைக் காரில் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்த அம்மா, மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்தார். "உள்ள யாராவது இருக்காங்களா பாரு" என்றார். குனிந்து பார்த்தேன், பின் சீட்டும் காலியாக இருந்தது. அது கிளம்பிப் போகட்டும் என்று காத்திருந்தோம், அது எங்களுக்காகக் காத்திருந்தது.