வெள்ளைத் தாளில் வெள்ளைப்பசு

அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு நடத்திய ஆரம்ப ஆண்டுகளில், பாட்டுச் சொல்லிக்கொடுத்தது போக மிஞ்சும் பத்து நிமிடத்தை ஓட்டுவதற்கே படம் வரையச் சொல்வேன். நான் கரும்பலகையில் ஒரு பசுவை வரைய, நான் தவறாக வளைத்துவிட்ட கொம்பு உட்பட அதே பசு எல்லா நோட்டுகளிலும் வந்து நிற்கும். அதற்கு நட்சத்திரம் வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து, பாட்டும் கைவேலையும் பாடவேளைக்குள்ளேயே இடம்பிடித்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் துணிவு பிறந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' பாடலைப் படத்தைக் காட்டாமல் பாடி, பிள்ளைகளையே வரையச் சொன்னேன். முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன்: "டீச்சர், வெள்ளைக்கு எந்தக் கலர் அடிக்கணும்?" வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயான் எப்படித் தெரியும்? மறுநாள், அந்தக் கிரேயானாலேயே பசுவை அழுத்தி வரையச் சொல்லி, அதன்மேல் பச்சை வாட்டர் கலரை நீர்க்கக் கரைத்துப் பூச வைத்தேன். மெழுகு தண்ணீரை ஏற்காது என்பதால், காணாமல் போயிருந்த பசு தோட்டத்தின் நடுவே வெள்ளையாக எழுந்து நின்றது. லேசாக வரைந்தவர்களின் பசுக்களில் மட்டும் பச்சை திட்டுத்திட்டாகப் படிந்துவிட, "எங்க பசு புல்லில புரண்டுடுச்சு" என்று ஒருத்தி சமாளித்தாள்.

அடுத்த முறை தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு அடிகளை வரையச் சொன்னேன். ஒவ்வோர் அடியும் பசு, கன்றுக்குட்டி என்றே மாறி மாறி முடிவதால், இத்தனை ஆண்டுகளாக இதை ஓசைக்கான பாட்டு என்றே நான் எண்ணியிருந்தேன். பிள்ளைகளின் கட்டங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான், முதலில் எட்டித் துள்ளும் கன்று, தாயின் குரல் கேட்டு அண்டையில் ஓடிவந்து, பிறகு நக்கலும் முத்தமுமாக இரண்டும் ஒட்டிக்கொள்கிற வரையில், அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் கட்டத்துக்குக் கட்டம் குறைந்துகொண்டே வருவது எனக்குத் தெரிந்தது. தாமே ஆசிரியராக இருந்தவர் எழுதிய பாட்டு. அதை ஓர் ஆசிரியை இவ்வளவு தாமதமாகப் படித்திருக்கிறேன்.

கடைசிக் கட்டத்தில் ஒரு பையனின் பசு, பாட்டியைப் போலக் காலை மடக்கி உட்கார்ந்திருக்க, கன்று அதன்மேல் படுத்திருந்தது. 'மடி முட்டிக் குடிக்குது' என்ற அடியைப் பிழையில்லாமல் ஒப்பிப்பவன் அவன். ஆனால் அவனுக்குத் தெரிந்த மடி, அவன் உட்காருகிற மடிதான். வாய்மொழித் தேர்வு வைத்திருந்தால் முழு மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். வீட்டில் மாடு வளர்க்கும் சிறுமி ஒருத்தி எழுந்து, பால் இறங்குவதற்காகக் கன்று மடியைத் தலையால் இடிக்கும் என்று சொல்லி, பெஞ்சில் முட்டியும் காட்டினாள். பையன் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, தன் படத்தின் ஓரத்தில் முட்டுகிற கன்று ஒன்றைக் கூடுதலாக வரைந்துகொண்டான். பசுவை மட்டும் அவன் எழுப்பவே இல்லை.