கழற்றி வைத்த கயிறு

மும்பையில் ஒரு மருத்துவமனையில் 11 வருடமாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறேன். உள்ளே இருப்பது பெரிய காந்தம், உடம்பில் ஒரு குண்டூசி கூட இருக்கக் கூடாது. அதனால் தாலி, மூக்குத்தி, அரைஞாண், தாயத்து என்று ஒவ்வொருவரும் கழற்றித் தருவதை வாங்கி வைப்பதும் என் வேலைதான். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை.

போன மழைக்காலத்தில் தாராவியிலிருந்து ஒரு பாட்டி வந்தார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தீராத தலைவலி. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு இரும்புச் சிலுவை, பக்கத்திலேயே அரக்கு வைத்து அடைத்த செப்புத் தாயத்து. விரல் பட்டுப் பட்டு சிலுவையின் நடுப்பகுதி வழவழவென்று ஆகியிருந்தது.

"இதக் கழட்டுனா தலவலி கூடிரும்யா" என்றார்.

தாயத்துக்குள் என்ன பாட்டி என்று கேட்டேன்.

"மந்திரம் கிந்திரம் இல்லய்யா, பைபிள்ல வர்ற சங்கீதம் 91. எங்க ஊரு சர்ச்சுல வேதம் சொல்லிக் குடுக்குற உபதேசியாரு எழுதிக் குடுத்தது."

எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. உப்பும் மிளகாயும் எடுத்து எங்களைச் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, அதே கையால் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார். படித்த திமிரில் மூடநம்பிக்கை என்று அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் இது எவ்வளவு பழைய வழக்கம் என்று தெரிந்தது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் என்ற பழங்காலத் தாள் துண்டுகளில் இதே சங்கீதம் 91-ஐ எழுதி, மடித்து, தாயத்தாக வைத்திருந்திருக்கிறார்கள். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் (பிஷப்) அகுஸ்தீனார், சுமார் 1600 வருடங்களுக்கு முன், தலை வலித்தால் தாயத்தைத் தேடி ஓடுவதைவிட நற்செய்தி நூலைத் தலைமாட்டில் வைப்பது மேல் என்று பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். தலைவலிக்கு! தாயத்தை வேண்டாம் என்றவர், அது இருந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லவில்லை. பாட்டியின் ஊர் உபதேசியார் அகுஸ்தீனாரைப் படித்திருப்பாரா தெரியாது, ஆனால் செய்தது கிட்டத்தட்ட அதேதான், செப்புக் குழாயை மட்டும் விடவில்லை.

இங்கே பாந்த்ராவில் மவுண்ட் மேரி கோயிலுக்கு வெளியே கை, கால், குழந்தை, வீடு என்று மெழுகில் செய்து விற்கிறார்கள், எங்கே நோவோ அந்த உறுப்பை வாங்கி மாதாவிடம் வைக்க வேண்டும். நம் ஊரில் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவது போலத்தான். பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுல் கடிதம் எழுதிய அதே கொரிந்து என்ற கிரேக்க நகரத்தில், அவர் காலத்துக்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே, அஸ்கிலீப்பியஸ் என்ற வைத்தியத் தெய்வத்துக்குக் களிமண்ணில் கை கால் செய்து வைத்திருக்கிறார்கள். வலி எல்லோருக்கும் ஒன்று, கையேந்தும் விதமும் அதிகம் மாறவில்லை என்றே எனக்குப் படுகிறது. அதை ஏளனம் செய்ய இப்போது என்னால் முடியாது.

டப்பாவில் போடவில்லை, நானே கையில் வைத்திருக்கிறேன் என்றதும் பாட்டி சரி என்றார். அரை மணி நேரம் அந்தக் கயிற்றை இடது கையில் வைத்துக்கொண்டே ஸ்கேனை முடித்தேன்.

வெளியே வந்தவர் ரிசல்ட் பற்றிக் கேட்கவில்லை, கையை நீட்டினார். தாயத்தை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, சிலுவைக்கு முத்தம் கொடுத்துவிட்டு, முடிச்சுப் போடச் சொல்லி என்னிடம் கழுத்தைக் காட்டினார்.