அரிசி ஆலை சேர்வரை உபுண்டு 24.04க்கு மாற்றிய அனுபவம்

சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றின் பில்லும் நெல் கொள்வனவுக் கணக்கும் ஓடுகிற சேர்வரை, கல்லடியில் வீட்டிலிருந்தபடி நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் இருந்தது உபுண்டு என்ற இயங்குதளத்தின் 20.04 வேர்ஷன். அதற்கு வழமையாக வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டன. பெரும்போக வெள்ளாண்மை வெட்டுத் தொடங்கினால் ஆலைக்காரர் சேர்வரைத் தொடவே விடமாட்டார். அதற்கு முன் மாற்றியாக வேண்டும்.

20.04இலிருந்து நேராக 24.04க்குத் தாவ முடியாது, நடுவில் 22.04இல் இறங்கி ஏற வேண்டும். அந்த வில்லங்கமே வேண்டாம் என்று புதிய சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். பழையது பாட்டுக்கு ஓடட்டும்.

முதலில் பழையதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். ‘டிபிகேஜி -எல்’ என்ற கட்டளை, போட்டிருக்கும் மென்பொருள்களை எல்லாம் வரிவரியாகக் கொட்டும், பெரும்பாலானவை துணைக்குத் தானாக வந்தவை. உபுண்டுவில் மென்பொருளைப் போடவும் நீக்கவும் இருக்கும் கருவி ஆப்ட். அதன் ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ கொடுத்தால் நாம் கேட்டுப் போட்டவையும் இயங்குதளத்தோடு வந்த சிலதும் மட்டும் வரும். பைதன் என்ற நிரல் மொழியின் நூலகங்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுதிகளை, போடும் கருவி பிப். அவற்றின் பட்டியலுக்கு ‘பிப் ஃப்ரீஸ்’.

இந்தப் பைதன் நூலகங்களில்தான் நேரம் போனது. புதிய சேர்வரில் ‘பிப் இன்ஸ்டால்’ அடித்ததும் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ என்று மறுத்துவிட்டது. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைதனில்தான் ஓடுகின்றன. ஆப்ட் ஒரு பக்கம், பிப் ஒரு பக்கம் என்று இரண்டு பேரும் ஒரே இடத்தில் கை வைத்தால் இயங்குதளமே குழம்பும். அதனால்தான் பைதனின் பெப் 668 என்ற விதிப்படி இந்தத் தடை. ‘பிரேக் சிஸ்டம் பக்கேஜஸ்’ என்ற தெரிவைச் சேர்த்தால் விட்டுவிடும். பெயரிலேயே ‘உடைப்பேன்’ என்று சொல்கிற ஒன்றை, காசு புழங்கும் சேர்வரில் நான் அடிக்க மாட்டேன். ஆப்ட் மூலம் ‘பைதன்3-வென்வ்’ போட்டு, ஆலையின் செயலிக்கென்று, அதன் நூலகங்கள் மட்டும் இருக்கும் தனிச் சூழல் உருவாக்கினேன்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் ‘பிப் ஃப்ரீஸ்’ தந்த பழைய பட்டியல் ஏறவில்லை. 20.04இல் பைதன் 3.8, 24.04இல் 3.12. நடுவில், நூலகங்களை நிறுவ உதவிய ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பகுதியையே எடுத்துவிட்டார்கள், அதை நம்பியிருந்த பழைய வேர்ஷன்கள் எல்லாம் சிவப்பு எழுத்தில் கத்தின. செயலி நேரடியாக அழைக்கும் நூலகங்களை மட்டும் பட்டியலில் விட்டு, மற்றதைப் பிப்பே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டேன். நூலகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் ‘பிப் செக்’ குறை எதுவும் சொல்லவில்லை. இதற்கிடையில் ஆலைக்காரரின் அழைப்பு.

“தம்பி, பில் வருமா வராதா? அதச் சொல்லுங்க.”

“வரும் காக்கா, பழையது ஓடிக்கிட்டுத்தானே இருக்கு.”

ஆப்ட் வேலையை எப்போதும் டிமக்ஸுக்குள்தான் செய்வேன், நம் இணைப்பு போனாலும் சேர்வரில் வேலையை ஓடவிடும் கருவி அது. இங்கே கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், ஆனால் சேர்வரில் வேலை நடுவில் அறுந்துவிடாது. டிமக்ஸ் இல்லாமல் அறுந்தால், பாதியில் நின்றதை முடித்துவைக்கும் ‘டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ’ பெரும்பாலும் கைகொடுக்கும். பெரிய மாற்றம் என்றால் ‘ஆப்ட்-கெட் -எஸ்’ கொடுத்து, எது வரும், எது நீங்கும் என்று பாவனையாக ஓட்டிப் பார்க்கலாம். ‘நீக்கப்படும்’ என்ற வரியைப் படிக்காமல் ‘ஆம்’ என்பதற்கான ‘Y’ எழுத்தை அழுத்தக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் ஆலை மூடியிருந்தபோது தரவுத்தளத்தை மாற்றினேன். தொழுகை முடிந்து வந்தவர்கள் புதிய சேர்வரிலேயே பில் அடித்தார்கள். பழையதை வெளியார் நுழையாதபடி அடைத்து, வெட்டு முடியும்வரை வைத்திருக்கிறேன். அதன் மாத வாடகையை யார் கட்டுவது என்று காக்காவோடு இன்னும் பேச்சு நடக்கிறது.