சொட்டு

எங்கள் பட்டறைச் சேர் போய்விட்டார் என்ற செய்தி நம் குழுவில் வந்தபோது நான் வேலையில், கட்டடத்தின் நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றேன். நினைவு மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் கேட்டார். எழுதுவதென்றால் அந்தப் பம்பைத்தான் எழுத வேண்டும். என்னைச் 'சொட்டு' என்று கூப்பிட்டவர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள்.

முதல் வருடம் முழுக்க ரசமட்டமும் தூக்குக்குண்டும். 3, 4, 5 அளந்து மூலை பிடிப்பது. மட்டத்தை ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டு எழும்பினால் சேர் விடமாட்டார். "திருப்பி வை. பொய் சொல்லுறது சுவரோ மட்டமோ எண்டு பார்."

இரண்டாம் வருடம் விடுதித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு என் பொறுப்பு. யாரோ பெரியவர்கள் பார்வையிட வரும் நாள். சுழலும் தண்டு, அதுதான் சாஃப்ட், பம்புக்குள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து தரை ஈரம். நான்தான் பெரிய வேலைக்காரனாச்சே! சொட்டு நிற்கும்வரை இரண்டு நட்டையும் இறுக்கி, தரையையும் துடைத்துவிட்டேன். அரை மணி ஆகவில்லை. கருகல் மணம், பிறகு புகை, பிறகு மோட்டார் தானாகவே நின்றது. வந்தவர்கள் முன்னால் சேர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

மறுநாள் முழு விடுதியும் வாளியோடு வரிசையில். நீங்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

சேர் பம்பைக் கழற்றி, சாஃப்டின் மேலுறையான சிலீவை என் கையில் தந்தார். நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். கிளாண்டுக்குள் சாஃப்டைச் சுற்றித் திணிக்கும் கயிறுதான் பாக்கிங்; அது உரசும் இடத்துக்கு அந்தச் சொட்டுத்தான் எண்ணெய், அதுதான் குளிர்ச்சி என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. புதுப் பாக்கிங்கை வளையங்களாக வெட்டி, வெட்டுவாய்கள் நேருக்கு நேர் வராமல் கால் வட்டம் தள்ளித் தள்ளிப் போட்டோம். பம்பை ஓடவிட்டு, நட்டுகளை ஆறிலொரு சுற்றாக மாறி மாறி இறுக்கினோம். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "இருந்து எண்ணு" என்றார். ஒரு மாலை முழுக்க, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணினேன். யன்னலில் நீங்கள் எல்லோரும்.

சேர் ஓய்வு பெறும்போது அந்தப் பட்டறையைப் பொறுப்பெடுக்க என்னைத்தான் கேட்டார். "இரண்டு வருஷத்தில வாறன் சேர்."

கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது, "அங்கை பம்பு சொட்டுமோடா?" என்றார்.

"இல்லை சேர், எல்லாம் மெக்கானிக்கல் சீல். பழுதானால் கழற்றி முழுசா மாத்துறதுதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப உனக்கு அங்கை என்ன வேலை?"

சிரித்துச் சமாளித்தேன். திரையைப் பார்ப்பதும், சிவப்பு விழுந்தால் ஆளைக் கூப்பிடுவதும்தான் வேலை என்று எப்படிச் சொல்ல?

ஆனால் எங்கள் தீயணைப்புப் பம்புக்கு இன்னும் பழைய கிளாண்ட்தான். வாராவாரம் ஓட்டிப் பார்க்கிறேன், சொட்டுகிறது. அதைச் சேரிடம் சொல்ல அன்றைக்கு வாயில் வரவில்லை. போன கிழமை புதிதாக வந்த பெடியன் ஸ்பானரோடு குனிந்து, ஒழுகுகிறதே, இறுக்கட்டுமா என்று அவன் பாஷையில் கேட்டான். "விடடா, சொட்டட்டும்" என்று தமிழில்தான் எனக்கு வந்தது. ஸ்பானரைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.