ஒன்றரை லிட்டர்

2024 ஜூன் 14, வெள்ளி

மாரடைப்புக்கு எடுத்த நோய் விடுப்பில் முழுச் சம்பளம் நேற்றோடு முடிந்தது. இனி 30 நாள் அரைச் சம்பளம். அதற்கு மேலும் இழுத்தால் 45 நாள் சம்பளமில்லாத விடுப்பு. இந்த அமீரகச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, எச்.ஆர். பெண் தாளில் எழுதியே காட்டினார். வீட்டுக் கடன் தவணை மட்டும் பாதியாகாது.

எடை 70.2.

ஜூன் 16, ஞாயிறு

பக்ரீத். கடையநல்லூர் பாய் விடியற்காலைத் தொழுகை முடித்து வந்து அடுப்பில் நின்றார். இந்தத் தளத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் பிரியாணி. அதற்கு முன்னால் சின்னச் சட்டியில் எனக்குத் தனியாக, உப்பில்லாமல், எலுமிச்சையும் புதினாவும் கூடுதலாகப் போட்டு. "சாப்பிட்டுப் பாருங்கண்ணே, நாக்குக்குத் தெரியாது" என்றார். நாக்குக்குத் தெரிந்தது. ஆனாலும் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

எடை 70.2.

ஜூன் 19, புதன்

அரை லிட்டர் பாட்டில் மூன்று. காலையில் நிரப்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிடுகிறேன். அவ்வளவுதான் ஒரு நாளுக்கு. அதற்கு மேல் போனால் பலவீனமான இதயத்தால் உடம்பில் நீர் தங்கும், எடை ஏறும். டீ குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். ரசம், மோர், கஞ்சி, பாயசம், ஐஸ் கட்டி எல்லாமே கணக்கில் வரும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். தர்ப்பூசணி கூட.

வெளியே 44 டிகிரி. 15ஆம் தேதியிலிருந்து மதிய ஓய்வு தொடங்கிவிட்டது, 12:30 முதல் 3 மணி வரை யாரும் வெயிலில் வேலை செய்யக் கூடாது. கேம்ப் வாசலில் பெரிய போர்டு: தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். சிறுநீரின் நிறம் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம், இந்தி, உருது, மலையாளம், தமிழ். இத்தனை வருடம் மொட்டை மாடிகளில், ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர்களில் வேலை பார்த்தபோது பசங்களிடம் நானே அதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன், குடி, குடி என்று. இப்போது அந்த போர்டைத் தாண்டிப் போகும்போது கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

டாக்டர் என் வேலையைக் கேட்டுவிட்டு எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். சில்லர் பம்ப் பாதித் திறனில் ஓடினால் என்ன ஆகும்? தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகாது, பின்பக்கம் அழுத்தம் ஏறும். அதே கதை. முன்பக்க ரத்தக்குழாய் முழுக்க அடைத்துத் தசை அடி வாங்கிவிட்டது. ஸ்டென்ட் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டார்கள், அடிபட்ட தசை தேறுமா என்பதைக் காலம்தான் சொல்லும். நன்றாக இருக்கிற இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கிற ரத்தத்தில் 55 சதவீதத்துக்கு மேல் வெளியே தள்ளும். எனக்கு 32.

மூன்று மாதம் மாத்திரை. அப்புறம் மறுபடி எக்கோ, இதயத்தை ஸ்கேன் செய்து இந்த நம்பரைப் பார்ப்பது. 35க்கு மேலே வந்தால் மருந்தோடு போகலாம். அதற்குக் கீழேயே நின்றால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு கருவி வைக்க வேண்டும், துடிப்பு திடீரென்று தாறுமாறானால் ஷாக் கொடுக்கிற கருவி.

35. பஸ் நம்பர், ரூம் நம்பர், பில் தொகை, எங்கே பார்த்தாலும் அதுவே கண்ணில் படுகிறது.

ஜூன் 22, சனி

71.0. கணுக்காலில் விரலை அழுத்தினால் லேசாகக் குழி.

ஜூன் 23, ஞாயிறு

72.3. சிஸ்டருக்குப் போன் செய்தேன். கோட்டயத்துக்காரர், என் அரைகுறை மலையாளத்தைப் பொறுத்துக்கொள்கிறவர். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கூப்பிடச் சொன்னவரே அவர்தான். டாக்டரைக் கேட்டுவிட்டு, நீர் பிரியும் மாத்திரையை இரண்டாக்கச் சொன்னார். மூச்சு வாங்குவது கூடினால் காத்திருக்காமல் 998க்கு அடிக்கச் சொன்னார்.

இரவு 2 மணி. படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். பாய் தூங்காமல் எதிரே உட்கார்ந்திருக்கிறார், படுக்கச் சொன்னாலும் கேட்கவில்லை. மேல் கட்டிலில் பெஷாவர் டிரைவர். மே 30 அன்று என்னை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் அவர். கீழ்க் கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்தவரும் அவரே. அரை மணிக்கு ஒரு முறை தலையை நீட்டிப் பார்க்கிறார்.

ஊரில் இப்போது மூன்றரை. மனைவி தூங்கட்டும்.

ஜூன் 25, செவ்வாய்

70.4. தூங்கினேன்! ஐந்து மணி நேரம், ஒரே நீட்டாக.

ஜூன் 29, சனி

டி20 உலகக் கோப்பை ஃபைனல். மெஸ் ஹாலில் டி.வி. முன்னால் நூறு பேர். கடைசி ஓவர், தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்ததும் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன், 96. உள்ளே ஒரு பெரும் சத்தம், சூர்யகுமாரின் கேட்ச்சாம். அப்புறம் இன்னொரு சத்தம், ஜெயித்துவிட்டோம். தம்பிகள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கப் பார்த்துவிட்டு, என் நெஞ்சைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். நானே இழுத்து அணைத்துக்கொண்டேன்.

ஜூலை 5, வெள்ளி

கோடை முடியும் வரை ஜும்ஆ பிரசங்கமும் தொழுகையும் பத்து நிமிடம்தான் என்று அறிவித்திருக்கிறார்களாம். பாய் சீக்கிரம் வந்துவிட்டார்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு ஒரு இழுப்பு கூடுதலாக வேண்டியிருக்கிறது. ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் காலையும் இரவும் 90 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார்கள், சிலருக்கு அதனாலேயே இப்படி இருக்குமாம். இதயம் பலவீனமானாலும் இப்படித்தான் இருக்கும். எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எடை ஏறியிருக்கிறதா, படுத்தால் கூடுகிறதா என்று பாருங்கள், எதுவாக இருந்தாலும் அந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்றார் சிஸ்டர்.

எடை 69.8. படுத்தால் கூடவில்லை. அப்படியென்றால் மாத்திரைதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.2, கொஞ்சம் கூடுதல். அவளிடம் சொன்னேன். "தினம் ஒரு இளநீர் குடிங்கன்னு சொன்னேனே, குடிக்கிறீங்களா?" என்றாள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், நான் சாப்பிடுகிற ஒரு மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கும், இரண்டும் சேர்ந்தால் துடிப்பே தடுமாறும் என்று விளக்கினேன். கடையில் இதயத்துக்கு நல்லது என்று விற்கிற உப்பும் ஆகாது. சோடியத்தைக் குறைத்துவிட்டு அதிலும் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் என்னதாங்க அனுப்புறது?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல முடியவில்லை. இருபது வருடமாக அவள் அனுப்பியதெல்லாம் வடு மாங்காய், கருவாட்டுப் பொடி, அரிசி அப்பளம், மோர்மிளகாய்.

ஜூலை 15, திங்கள்

வேலை. ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஃபில்டர், பெல்ட், கேஸ் சிலிண்டர் கணக்கு எழுதுவது. ஏணி கிடையாது, மாடி கிடையாது. ஏசி இருக்கிறது. ஒன்றரை லிட்டர் என்கிற கணக்கே ஏசியில் இருந்தால் மட்டும்தான், வெயிலில் வியர்வை வடிய நின்றால் அதைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை ஃபோர்மேன் வாங்கிப் படித்தார். முழுதும் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாலை எழும்போது தலை சுற்றியது. ரத்த அழுத்தம் 94/60. மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து இறக்குகின்றன. உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, அப்புறம் எழ வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

வந்துவிடுங்கள் என்கிறாள். அழவில்லை, சண்டையாகத்தான் சொன்னாள். தஞ்சாவூர் மெடிக்கலில் எல்லாம் பார்க்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளலாம், வருமானம் 1,20,000க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று கொடுத்தால் போதும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நெஞ்சு வலி என்று போனால் முதல் மாத்திரைகளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்களாம், போன வருடம் வந்த திட்டம். விசாரித்து வைத்திருக்கிறாள். எவ்வளவு நாளாக விசாரித்துக்கொண்டிருந்தாளோ.

நான் சொன்னது: இங்கே கம்பெனி இன்ஷூரன்ஸில் மாத்திரை ஓடுகிறது. விசா கேன்சல் ஆனால் அது நின்றுவிடும். கிராஜுவிட்டி வாங்கினால் கடன் பாதி அடையும், மீதிப் பாதி? பெரியவள் நர்சிங் இரண்டாம் வருடம். மாதம் மாத்திரைக்கு என்ன ஆகும்?

அவள் சொன்னது: "நீங்க அங்க ராத்திரி மூச்சு முட்டி உக்காந்திருக்கீங்க. நான் இங்க உக்காந்திருக்கேன். ஒரே வீட்ல உக்காந்தா என்னங்க?"

ஜூன் 23ஆம் தேதி இரவைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. பாய் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 22, திங்கள்

69.6. பாயிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 போய், ஆடி பிறந்து, குறுவை போச்சு என்று மச்சான் புலம்பிக்கொண்டிருந்தார். கர்நாடகத்து அணைகள் நிரம்பியதும் சில நாளில் நூறு அடியைத் தாண்டிவிட்டது. மதியம் முழுக்க அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தேன், மதகு வழியாக வெள்ளையாகப் பாய்கிறது. இரண்டாவது பாட்டிலில் கால்வாசி இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

மேட்டூர் 120 அடி, நிரம்பிவிட்டது. எடை 69.3.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையிலிருந்து வீடியோ கால். தண்ணீர் படிகளை மூடிக்கொண்டு போகிறது. சின்னவள் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்: காப்பரிசி, கருகமணி, காதோலை, மஞ்சள் கயிறு, மாவிளக்கு. மனைவி புதுக் கயிறு கட்டிக்கொண்டு போனுக்கு நேராக நின்றாள். என் அம்மா குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, "ஐயா, இந்தா" என்று போன் பக்கம் நீட்டினாள். அம்மாவுக்கு விஷயம் தெரியாது. வாயு என்று சொல்லியிருக்கிறோம்.

திருச்சியில் கொள்ளிடத்தில் மின் கோபுரம் சாய்ந்த வீடியோவையும் மச்சான் அனுப்பியிருக்கிறார். உபரி நீர் அத்தனையும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. வறண்டு கிடந்த ஆறு இப்படி ஓடுவதைப் பார்க்க ஊருக்குப் போயிருக்க வேண்டும். வேறு எதற்காகவும் இல்லை, இதற்காகவே.

இன்று நாலாவது பாட்டிலைத் தொடவில்லை. தொட வேண்டும் போல் இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அந்தக் கருவி வைத்தால் வெல்டிங் பக்கம் நெருங்கக் கூடாது. பெரிய மோட்டார் ஓடும்போது மேலே குனிந்து பார்க்கக் கூடாது. என் தொழிலில் வெல்டிங்கும் மோட்டாரும் இல்லாத இடம் எது? ஸ்டோர் எத்தனை நாளைக்கு? அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் லைட் டியூட்டி ஆளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

கருவி வைத்தால் தூங்கலாம் என்கிறார் பெஷாவர்காரர். அவர் மாமாவுக்கு வைத்திருக்கிறார்களாம், ஆறு வருடமாக நன்றாக இருக்கிறாராம். ஷாக் அடித்ததா என்று கேட்டேன். ஒரே ஒரு முறை, கோதுமை வயலில். குதிரை உதைத்த மாதிரி இருந்ததாம், எழுந்து மறுபடி நடந்தாராம்.

ஆகஸ்ட் 14, புதன்

69.2.

ஆகஸ்ட் 24, சனி

இன்றோடு சுஹைல் உதித்துவிட்டது, இனி வெயில் இறங்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விடியற்காலையில் தென்கிழக்கில் அடிவானத்தை ஒட்டித் தெரியும் நட்சத்திரம். நம் அகத்தியர் நட்சத்திரம் அதுதான். கடலைக் குடித்தவர், கமண்டலத்தில் காவிரியை அடைத்து வைத்திருந்தவர். வராந்தாவின் கோடிக்குப் போய்ப் பார்த்தேன். புழுதியும் விளக்கு வெளிச்சமும்தான் இருந்தன.

வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது நிமிடம் நடந்தேன், நிற்காமல். ஜூனில் கழிப்பறைக்குப் போய்வரவே நின்று நின்று வந்தேன். இது கணக்கில் வராதா? 32ல் இருக்கிற இதயம் இப்படி நடக்குமா? சிஸ்டரிடம் கேட்டால், நடப்பதை வைத்து நம்பரைச் சொல்ல முடியாது, சிலர் 25லும் நடப்பார்கள் என்கிறார். ஏன்தான் உண்மையைச் சொல்கிறாரோ.

ஆகஸ்ட் 29, வியாழன்

எக்கோவுக்கு இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை. இன்னும் ஒரு தாள் வேண்டுமாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

விசா இல்லாதவர்களுக்குப் பொது மன்னிப்பு இன்று தொடங்கியது, இரண்டு மாதம். பக்கத்து ரூம்காரரின் தம்பி ஒருவர் இரண்டு வருடமாக மறைந்து வேலை செய்கிறவர், நெஞ்சு எரிகிறது என்று மாதக்கணக்காக ஜெலுசில் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். தாடையில் வலிக்கிறதா, படி ஏறினால் வருகிறதா, நின்றால் போகிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். மன்னிப்புக்கெல்லாம் காத்திருக்காதே, முதலில் ஈ.சி.ஜி. என்று கையைப் பிடித்து இழுத்து பெஷாவர்காரர் வண்டியில் ஏற்றிவிட்டேன். இரவு போன் வந்தது, அட்மிட் செய்துவிட்டார்கள்.

செப்டம்பர் 2, திங்கள்

அப்ரூவல் வந்தது. 5ஆம் தேதி காலை 10 மணி.

செப்டம்பர் 4, புதன்

69.1. அவளிடம் இரண்டு முறை பேசினேன். இரண்டு முறையும் சமையலைப் பற்றியே பேசினோம்.

நாளைக்கு டாக்டரிடம் கேட்க வேண்டியவை. நம்பர் 35க்கும் 40க்கும் நடுவில் இருந்தால் அது தேறியதா, தேறிக்கொண்டிருக்கிறதா? கருவி என்றால் இங்கேயே வைப்பதா, ஊரில் வைத்துக்கொள்ளலாமா, எத்தனை நாள் தள்ளிப் போடலாம்? திருச்சிக்கு நாலு மணி நேர விமானம், ஏறலாமா? 90 மில்லிகிராம் மாத்திரை ஒரு வருடம் முடிந்ததும் மாறுமா? நாலு அடி ஏணியில் ஏறலாமா? பொங்கலுக்குப் போனால் சர்க்கரைப் பொங்கலில் இருக்கிற பாலையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

எமிரேட்ஸ் ஐ.டி., பழைய எக்கோ, மாத்திரைப் பட்டியல், பையில் வைத்தாயிற்று. பாய் லீவு போட்டுவிட்டார், கூட வருகிறார்.