குடலுக்குள் இருப்பவர்களுக்கும் சோறு

பல் வேரில் சீழ் பிடித்ததற்காக ஏழு நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டேன். பல் வலி போனது, வயிறு கெட்டது. மூன்று வாரம் ஆகியும் ஒவ்வொரு நாளும் காலையில் நான்கு முறை தண்ணீராகப் போனது. மலப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்தபின், மருத்துவர் முந்தைய நாள் சாப்பாட்டைக் கேட்டார். இட்லி, தயிர்ச்சாதம், ரொட்டி, பிஸ்கட் என்றேன். “உங்களுக்குப் போட்டுக்கொண்டீர்கள். உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்கு ஒன்றும் போடவில்லையே” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சிறுகுடலால் செரிக்க முடியாத நார்ச்சத்தும் ஒருவகை மாவுச்சத்தும் பெருங்குடலுக்கு வந்து சேரும். ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இது நெய்யிலும் உண்டு. ஆனால் நெய்யாகச் சாப்பிட்டால் சிறுகுடலைத் தாண்டுவதற்குள் உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்கு வேண்டியது பெருங்குடலிலேயே தயாராக வேண்டும்.

இந்த அமிலங்களைக் குடல் உறிஞ்சும்போது உப்பும் நீரும் கூடவே உள்ளே போகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காலரா நோயாளிகளுக்கான உப்புக் கரைசலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தபோது பேதி சீக்கிரம் நின்றது. 2000-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வைப் படித்த பிறகுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

நம்பிக்கை வந்த வேகத்தில் அன்றே ஒரு பெரிய கிண்ணம் கொள்ளுச் சுண்டலும் வாழைத்தண்டுப் பொரியலும் சாப்பிட்டேன். இரவு முழுவதும் வயிறு உப்பி, தூக்கமே இல்லை. நொதித்தலில் அமிலத்தோடு வாயுவும் உண்டாகும். ஆன்டிபயாடிக் மருந்தால் மெலிந்துபோன பாக்டீரியாக் கூட்டத்துக்கு அவ்வளவு தீனியை ஒரே நாளில் போட்டிருக்கக் கூடாது. இதைத் தொடங்குகிற எல்லோருக்கும் நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றுதான்: மெதுவாக ஏற்றுங்கள்.

மறுபடி தொடங்கினேன். முதல் வாரம் காலையில் ஒரு கரண்டி பழைய சோறு மட்டும். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, செரிமானத்துக்குப் பிடிகொடுக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது. அடுத்த வாரம் இரண்டு சின்ன வெங்காயம் சேர்த்தேன். பிறகு வேகவைத்து ஆறவிட்ட வாழைக்காய், கீரை, கடைசியில் பயறு. எதைச் சேர்த்தாலும் நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன்.

மருந்துக்கடையில் புரோபயாட்டிக் மாத்திரை, அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை, வாங்கச் சொன்னார்கள். வாங்கவில்லை. பியூட்டிரேட்டை அதிகமாகத் தருகிற ஃபீக்கலிபாக்டீரியம், ரோஸ்பூரியா போன்ற குடல் பாக்டீரியாக்கள் காற்றுப் பட்டால் தாங்காதவை. கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பவை வேறு இனங்கள்.

ஐந்தாம் வாரம் ஒருநாள் காலையில் ஒரே முறை, கெட்டியாகப் போனது. அன்று நான் அடைந்த நிம்மதியை வயிறு கெட்டு அவதிப்பட்டவர்கள் அறிவார்கள். நாளாக ஆக ஓரளவு தானாகவும் சரியாகியிருக்கும், எல்லாவற்றையும் பழைய சோற்றின் கணக்கில் எழுத மாட்டேன். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

பழைய சோறும் வெங்காயமும் இன்று வரை தொடர்கின்றன. கொள்ளு மட்டும் கால் கிண்ணத்தைத் தாண்டவில்லை.