பதினோராம் எண்ணுக்கு உரியவர்

2024 பிப்ரவரி 4

முன்னோர் பட்டியலை இன்று எண்முறைக்கு மாற்றி எழுதினேன். என்னை 1 என்று வைத்துக்கொண்டால் அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை. அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாய். மிக்கேல் ஐட்ஸிங்கர் 1590-இல் கையாண்ட இம்முறையை 1676-இல் ஹெரோனிமோ டி சோசாவும் 1898-இல் ஸ்டெஃபான் கெகுலே ஃபான் ஸ்ட்ராடோனிட்ஸும் எடுத்தாண்டதால், இன்று சோசா–ஸ்ட்ராடோனிட்ஸ் முறை என்றே வழங்குகிறது. ஆண்களின் பெயரை மட்டும் அடுக்கிச் செல்லும் வம்சவரிசைகளைவிட இது எனக்கு உயர்வாகப் படுகிறது. இதில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எண் கட்டாயம் உண்டு. பெயர் தெரியாவிட்டால் அந்தக் கட்டம் காலியாக நின்று நம்மைக் கேள்வி கேட்கும்.

என் பட்டியலில் அப்படி நிற்பது 11, அதாவது அப்பாவின் அம்மாவைப் பெற்றவர். அவருடைய கணவரின் பெயர், தொழில், இறந்த ஆண்டு எல்லாம் தெரிந்திருக்கின்றன. இவரைப் பற்றி வீட்டில் வழங்கிவருவது ஒரே ஒரு பேச்சுதான்: விவரம் தெரியாமல் நிலத்தை யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

பிப்ரவரி 11

அத்தையிடம் கேட்டேன். "பாட்டின்னுதாம்ப்பா கூப்பிடுவோம், பேரை எல்லாம் யார் கேட்டா?" என்றார். பெயரை விட்டுவிட்டு, பாட்டி எந்த இடத்தில் படுப்பார், எதற்குக் கோபம் வரும், கை எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியதும் பேச்சு பெருகிவிட்டது. பாட்டிக்கு வலது காது கேட்காதாம். அதனால் இரவில் கதை கேட்க அவருடைய இடப்பக்கத்தில் யார் படுப்பது என்று பிள்ளைகளுக்குள் தினமும் சண்டையாம். கொடுக்கல் வாங்கலைச் சுவரில் கரிக்கோடுகளாகப் போட்டு வைப்பாராம். அந்தக் கோடுகளை அழித்த பிள்ளைக்கு அடி நிச்சயமாம்.

எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும் குடும்ப வரலாறு பற்றிய 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். விடை நிறையத் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்க்கை தம் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்வதால் இது வந்துவிடாது. சொல்வதற்கு ஒருவரும் உட்கார்ந்து கேட்பதற்கு ஒருவரும் இருக்கும் வீட்டில்தான் இது வளரும் என்று நான் நினைக்கிறேன். சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா என்பதைத் தாண்டி அத்தையிடம் பல ஆண்டுகளாக நான் எதையும் பேசியதில்லை. இன்று விளக்கு வைக்கும் நேரம் வரை அவர்தான் பேசினார்.

மார்ச் 9

ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு அலமாரியில் 1936-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது. மடிப்புகளில் தாள் விட்டுப்போயிருந்ததால் மேசைமீது பரப்பி, தொடாமல் படித்தோம். எழுத்தர் புள்ளி வைப்பதில் அக்கறை காட்டாதவர். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை வடிவங்கள்வேறு. கண் பழகுவதற்கே நேரம் பிடித்தது. விற்றவர் அந்தப் பாட்டிதான். "காலஞ்சென்ற என் புருஷர் பட்ட கடனைத் தீர்க்கும் பொருட்டு" என்று காரணம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கிரயத் தொகையில் எவ்வளவு எந்தக் கடனுக்குப் போகிறது, மீதி எவ்வளவு ரொக்கமாகக் கையில் பெறப்பட்டது என்பதும் தனித்தனியே இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு சாட்சி கைநாட்டு வைத்திருக்கிறார். பாட்டி கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு எழுத்தும் மற்றதிலிருந்து விலகி, முழு அளவில், வரி மேல்நோக்கி ஏறிச் செல்கிறது. மூன்றாம் எழுத்தில் மை கொஞ்சம் ஊறியிருக்கிறது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது வீட்டாருக்கு உரியது. பட்டியலில் 11-க்கு நேராக எழுதியபோது கண் நிறைந்துவிட்டது.

விவரம் தெரியாதவர் என்ற பழியைத் தாங்கிக்கொண்டு எத்தனை காலம் கிடந்திருக்கிறார்! கணவர் விட்டுச்சென்ற கடனைக் காசு கணக்கோடு அடைத்தவர் அவர். குடும்ப வரலாற்றைத் தேடுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: தனக்காகப் பேச முடியாத ஒருவருக்காகச் சான்றோடு பேசும் உரிமை நமக்குக் கிடைக்கிறது.

மார்ச் 10

பத்திரத்தில் வயது சுமார் 40. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வயதைச் சரியாகக் குறித்து வைக்காத காலங்களில் 0, 5-இல் முடியும் எண்களையே மக்கள் சொல்வார்கள். 23 முதல் 62 வரையுள்ள வயதுகளில் இந்தப் பழக்கம் எவ்வளவு என்பதை அளக்க விப்பிள் குறியீடு என்றே ஒன்று இருக்கிறது. அதனால் பிறந்த காலத்தை 1890–1900 என்று மட்டும் குறித்தேன்.

மார்ச் 17

முப்பது தலைமுறை பின்னே போனால் பட்டியலில் 107 கோடிக்கு மேற்பட்ட இடங்கள் வரும். அன்றைய உலக மக்கள்தொகையோ அதில் பாதிகூட இல்லை. ஆகவே ஒரே ஆள் பல இடங்களில் வந்தே தீர வேண்டும். இன்று அந்நியர் என்று நாம் கடந்து போகிறவர்கள் பலருக்கும் அதே ஆள் முன்னோராக இருப்பார். எங்கள் வம்சம் தனி என்று பெருமை பேசுவதற்காகப் பட்டியல் போடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அத்தைக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். கடன் விவரம் வந்த இடத்தை மீண்டும் படிக்கச் சொன்னார். பிறகு, பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பாட்டி நிலத்தை ஏமாந்து கொடுக்கவில்லை, கடனைத் தீர்க்க விற்றார் என்று அவரே சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார்.

பத்திரம் பாட்டியை இன்னாருடைய மனைவி என்று மட்டுமே குறிப்பதால், அவரைப் பெற்ற 22, 23 இரண்டும் காலி. இரண்டாம் சாட்சி பாட்டியின் தம்பியாக இருக்கலாம் என்கிறார் அத்தை. அந்தச் சாட்சியின் பேரனுடைய தொலைபேசி எண்ணை இரண்டு பேரிடம் விசாரித்து வாங்கி வைத்திருக்கிறார். நாளை மாலை இருவரும் சேர்ந்து அழைப்பதாக இருக்கிறோம்.